குத்தின் வலிமை: உடல் எடை, வேகம், முறை ஆகியவற்றின் பங்கு

குத்துச் சண்டைக் களத்தில் இருவர் எதிரெதிரே நிற்கும்போது, பருத்த உடலுடையவரே பலமாகக் குத்துவார் என்று பார்ப்போர் எண்ணுவது இயல்பு. இவ்வெண்ணத்தில் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. 1919-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி அமெரிக்காவிலுள்ள டொலீடோ நகரில், உலகப் பட்டத்தை வைத்திருந்த ஜெஸ் வில்லார்டை ஜாக் டெம்ப்சி எதிர்த்தார். வில்லார்டின் எடை ஏறத்தாழ 111 கிலோகிராம். டெம்ப்சியின் எடை ஏறத்தாழ 85 கிலோகிராம். ஆயினும் முதற் சுற்றிலேயே வில்லார்டு ஏழு முறை வீழ்த்தப்பட்டார். மூன்றாம் சுற்றுக்குப் பின் அவர் எழுந்து வரவில்லை. எடை ஒன்றே வலிமையாயின் இது நிகழ்ந்திருக்க இயலாது.

எனினும் இவ்விளையாட்டில் எடைப் பிரிவுகள் கண்டிப்பாகப் பின்பற்றப்படுகின்றன. இந்தியா 2024 முடிய ஒலிம்பிக் குத்துச் சண்டையில் பெற்ற மூன்று பதக்கங்களும் மூன்று வெவ்வேறு எடைப் பிரிவுகளில் கிட்டியவை. 2008-இல் விஜேந்தர் சிங் 75 கிலோகிராம் பிரிவிலும், 2012-இல் மேரி கோம் 51 கிலோகிராம் பிரிவிலும், 2021-இல் நடைபெற்ற டோக்கியோப் போட்டியில் லவ்லினா போர்கோஹெய்ன் 69 கிலோகிராம் பிரிவிலும் வெண்கலம் வென்றனர். எடைக்குப் பங்கு இல்லையெனில் இப்பிரிவுகள் எதற்கு? எடையே எல்லாம் எனில் டெம்ப்சி வென்றது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் இயக்கவியல் விடை தருகின்றது. அவ்விடையை அறிவது பௌதிக ஆசிரியர்க்கு நல்லதொரு பாடமாக அமையும். உடற்பயிற்சி ஆசிரியர்க்கோ, தம் பொறுப்பிலுள்ள சிறுவர்களின் மூளையைக் காப்பதற்கு இன்றியமையாததாகும்.

1. வலிமை என்பது யாது?

"வலிமை" என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று அளவுகள் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்தறிதல் முதற்படியாகும்.

முதலாவது உந்தம். ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கக் கிடைப்பது இது. மோதலின்போது தாக்கும் பொருள் இழக்கும் உந்தத்தைத் தாக்கப்படும் பொருள் பெறுகின்றது. அடிபட்டவர் எவ்வளவு தள்ளப்படுகின்றார் என்பதை இதுவே தீர்மானிக்கின்றது.

இரண்டாவது இயக்க ஆற்றல். நிறையின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இது கிட்டும். மோதலில் பொருள்கள் நசுங்குவதும் உடைவதும் இவ்வாற்றலால் நிகழ்பவை.

மூன்றாவது விசை. உந்தம் கைமாறுவதற்கு எவ்வளவு காலம் ஆகின்றதோ அதைப் பொறுத்து விசை கூடும் அல்லது குறையும். காலம் குறுகினால் விசை பெருகும். விரைந்து வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது காலத்தை நீட்டி விசையைக் குறைப்பதற்கே.

ஓர் எளிய கணக்கால் இம்மூன்றும் விளங்கும். 3 கிலோகிராம் நிறை விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து மோதுவதாகக் கொள்வோம். அதன் உந்தம் 27 அலகு. இயக்க ஆற்றல் ஏறத்தாழ 120 ஜூல். அது ஆயிரத்தில் 15 பங்கு விநாடிக்குள் நின்றுவிடுமானால் சராசரி விசை 1,800 நியூட்டன் ஆகும். விசை ஏறி இறங்கும் தன்மையுடையதாதலின் அதன் உச்ச அளவு சராசரியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 3,600 நியூட்டன் அளவில் இருக்கும். இக்கணக்கு வெறுங் கற்பனையன்று என்பது பின்வரும் அளவீடுகளால் தெளிவாகும்.

2. எடையின் பங்கு

ஒருவருடைய உடல் எடை முழுவதும் அவருடைய குத்தில் வந்து சேர்வதில்லை. மனிதரின் ஒரு கை, தோளிலிருந்து விரல் நுனி வரை, உடலின் நிறையில் நூற்றுக்கு 5 பங்கு அளவினதே. 60 கிலோகிராம் உள்ளவரின் கை 3 கிலோகிராம் இருக்கும். கை மட்டும் தனியே வீசப்படுமாயின் அதன் ஒரு பகுதியே மோதலில் பங்கு கொள்ளும். தோளும் உடற்பகுதியும் கையோடு ஒன்றாக இறுகி நிற்குமாயின், அவற்றின் நிறையிலும் ஒரு பகுதி சேரும். இவ்வாறு மோதலில் உண்மையாகப் பங்கு கொள்ளும் நிறையைப் "பயனுறு நிறை" எனலாம்.

2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒலிம்பிக் தரமுடைய ஏழு வீரர்கள், உணர்கருவிகள் பொருத்திய பொம்மையின் தலையில் குத்தினர். குறைந்த எடைப் பிரிவினரும் உயர்ந்த எடைப் பிரிவினரும் அவர்களுள் இருந்தனர். குத்தின் சராசரி விசை 3,427 நியூட்டன். கையின் சராசரி வேகம் விநாடிக்கு 9.14 மீட்டர், பயனுறு நிறையின் சராசரி 2.9 கிலோகிராம். உயர்ந்த எடைப் பிரிவினரின் குத்தில் விசை மிகுந்திருந்தது; அவ்வேறுபாட்டுக்கு முதற் காரணம் பயனுறு நிறையே என்று ஆய்வாளர்கள் கண்டனர்.

எடைப் பிரிவுகளுக்குரிய நியாயம் இதுவேயாகும். பெரிய உடலுடையவர் மெதுவாகக் குத்துவார், அதனால் சமமாகிவிடும் என்று கருதுவதற்கு இடமில்லை. ஆனால், கூடுதல் எடை எதுவாயினும் பயன் தரும் என்பதும் தவறு. வயிற்றில் சேர்ந்த கொழுப்பு தராசில் காணப்படுமேயன்றி முஷ்டியில் காணப்படுவதில்லை. அதைச் சுமந்து திரிவதால் கால்களின் விரைவு குறைவதே மிச்சம்.

3. வேகத்தின் பங்கு

நிறை இரு மடங்கானால் உந்தமும் ஆற்றலும் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானாலோ உந்தம் இரு மடங்காகும், ஆற்றல் நான்கு மடங்காகும். ஆதலின் ஆற்றலைப் பெருக்குவதில் வேகத்திற்கே முதன்மை உண்டு.

1985-இல் பிரிட்டனில், அந்நாட்டுப் பெரும்பளுப் பிரிவு வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்து ஆராயப்பட்டது. ஊசல்போல் தொங்கவிடப்பட்ட, மெத்தையிட்ட இலக்கை அவர் குத்தினார். அவருடைய முஷ்டி 0.1 விநாடிக்குள் 0.49 மீட்டர் கடந்து, மோதும் கணத்தில் விநாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தை அடைந்திருந்தது. உச்ச விசை 4,096 நியூட்டன். அக்குத்து, மெத்தை சுற்றிய 6 கிலோகிராம் மரச் சம்மட்டி ஒன்றை அதே வேகத்தில் வீசுவதற்குச் சமம் என்று ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர்.

இதன் பொருளை மாணவர்க்கு உணர்த்த ஒரு வழி உண்டு. தானாக விழும் பொருள் விநாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தைப் பெற வேண்டுமானால் ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்திலிருந்து விழுதல் வேண்டும். புவியீர்ப்பு 4 மீட்டரில் செய்வதைப் பயின்ற உடல் அரை மீட்டரில் செய்துவிடுகின்றது. ஓடுகளைப் பிரித்த கூரையின் மேலிருந்து 6 கிலோகிராம் மரக்கட்டை ஒருவர் தலையில் விழுவதை மாணவர் எண்ணிப் பார்ப்பாராயின், குத்து விளையாட்டன்று என்பது எளிதில் விளங்கும்.

ஆயினும் வேகத்தை விரும்பியவாறு கூட்டிக்கொள்ள இயலாது. தசை எவ்வளவு விரைவாகச் சுருங்குகின்றதோ, அவ்வளவுக்கு அது தரும் விசை குறைகின்றது. இவ்வுண்மையை ஏ. வி. ஹில் என்னும் ஆங்கில உடலியலறிஞர் 1938-இல் தெளிவாக நிறுவினார். முழங்கையை நீட்டும் தசை ஒன்றே முழு வேகத்தையும் தர முயன்றால் அது விரைவிலேயே தன் எல்லையை அடைந்துவிடும். இவ்விடத்தில்தான் முறை உதவுகின்றது.

4. முறையின் பங்கு

நல்ல குத்து காலிலிருந்து தொடங்குகின்றது. பின்காலின் குதி உயர்ந்து பாதம் தரையை உந்துகின்றது, தரை எதிர்விசை தருகின்றது, இடுப்பு திரும்புகின்றது, அதைத் தொடர்ந்து மார்பும் தோளும் திரும்புகின்றன, இறுதியில் முழங்கை நீளுகின்றது. ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முன்னதன் வேகத்தின் மேல் தன் வேகத்தைச் சேர்க்கின்றது. எந்தத் தசையும் தன் எல்லையைக் கடக்காமலே முஷ்டி பெருவேகம் பெறுவது இவ்வாறே. ஓடும் வண்டியின் மேல் முன்னோக்கி நடப்பவர், தரையில் நிற்பவர் கண்ணுக்கு வண்டியைவிட விரைவாகச் செல்வது போன்றது இது.

1980-களில் சோவியத் நாட்டில், குத்தின் விசைக்குக் காலும் உடற்பகுதியும் கையும் எவ்வளவு பங்களிக்கின்றன என்று ஆராயப்பட்டது. தேர்ந்த வீரர்களிடம் காலின் பங்கு நூற்றுக்கு 38, உடற்பகுதியின் பங்கு 37, கையின் பங்கு 24 என்னும் அளவில் இருந்தன. கீழ்நிலைப் பயிற்சியாளரிடம் காலின் பங்கு 17 அளவே. கையின் பங்கோ 38. புதியவர் கையால் குத்துகின்றார். தேர்ந்தவர் உடலால் குத்துகின்றார் என்று இதைச் சுருங்கக் கூறலாம்.

2000-ஆம் ஆண்டில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று இதனை மற்றொரு வகையில் காட்டுகின்றது. பின்நிற்கும் கையால் நேராகக் குத்தியபோது சராசரி உச்ச விசை, தேர்ந்தவர்க்கு 4,800 நியூட்டன், இடைநிலையினர்க்கு 3,722, புதியவர்க்கு 2,381 என்று இருந்தது. முன்நிற்கும் கையால் குத்தியபோது இவ்வளவுகள் முறையே 2,847, 2,283, 1,604. ஒருவருடைய எடை மாறவில்லை. கைகளும் பெரிதும் வேறுபட்டவையல்ல. பின்நிற்கும் கைக்கு நெடிய பாதையும் இடுப்பின் முழுத் திருப்பமும் கிட்டுகின்றன; விசை மிகுவதற்கு இதுவே காரணமாகும்.

முறையில் அடங்கும் மற்றும் சில கூறுகள் வருமாறு:

தளர்வும் இறுக்கமும்: தொடக்கத்திலேயே முழுக் கையையும் இறுக்கிக்கொண்டால், எதிரெதிரான தசைகள் ஒன்றையொன்று தடுத்து வேகத்தைக் குறைக்கும். இறுதிவரை தளர்ந்தே இருந்தால், மோதும்போது மணிக்கட்டு மடங்கிப் பயனுறு நிறை குறையும். தேர்ந்த வீரர்களின் தசை மின்னோட்டங்களைப் பதிவு செய்து 2010-இல் வெளியிட்ட கனடா ஆய்வு, தசைகள் தொடக்கத்தில் ஒரு முறையும் மோதும் கணத்தில் மற்றொரு முறையும் இறுகி, இடையே தளர்வதைக் காட்டியது.

திசை: முஷ்டி இலக்கிற்குச் செங்குத்தாகப் படும்போது முழு உந்தமும் செல்லும். செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்து பட்டால், நேராகச் செல்லும் பகுதி பாதியே.

சார்பு வேகம்: முஷ்டி விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வரும்போது, எதிரி 2 மீட்டர் வேகத்தில் பின்வாங்கினால் மோதும் வேகம் 7 ஆகும்; ஆற்றல் நூற்றுக்கு 40 அளவு குறையும். அவரே 2 மீட்டர் வேகத்தில் முன்னேறி வந்தால் வேகம் 11 ஆகும். ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். முன்னேறுபவரை எதிர்கொண்டு குத்தும் குத்து ஏன் அஞ்சத்தக்கது என்பது இதனால் விளங்கும்.

முஷ்டியின் அமைப்பு: ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் கணுக்கள் முன்கையோடு ஒரே நேர்கோட்டில் இருத்தல் வேண்டும். சுண்டு விரலின் பக்கம் மோதுமாயின், அதற்குப் பின்னுள்ள உள்ளங்கை எலும்பு முறிதல் கூடும்.

5. வகுப்பறைப் பரிசோதனை

துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளப்பதற்குப் பெஞ்சமின் ராபின்ஸ் 1742-இல் விவரித்த ஊசல் முறையையே இங்கும் கையாளலாம். பெருஞ்செலவு இல்லை.

தேவையானவை: சணல் சாக்கு ஒன்று, மணலும் மரத்தூளும் கலந்து மொத்தம் 20 கிலோகிராம், உறுதியான கயிறு, அளவுகோல், பழந்துணி, ஈரக் களிமண். மணலை மட்டும் நிரப்பினால் சாக்கு கல்போல் இறுகிக் கையைக் காயப்படுத்தும். மரத்தூள் கலந்து, வெளியே துணி சுற்றுதல் அவசியம். மாணவரின் கையிலும் தடித்த துணி சுற்றப்பட வேண்டும்.

செய்முறை: தாங்குமிடத்திலிருந்து சாக்கின் நடுப்பகுதி வரை 2 மீட்டர் இருக்குமாறு தொங்கவிடுக. ஒரு மாணவர் குத்த, மற்றொருவர் சாக்கு கிடையாக எவ்வளவு தூரம் செல்கின்றது என்று குறித்துக்கொள்ள வேண்டும். 2 மீட்டர் நீளமுள்ள ஊசலில் 45 சென்டிமீட்டர் விலக்கம் விநாடிக்கு 1 மீட்டர் தொடக்க வேகத்தைக் குறிக்கும். பிற விலக்கங்களை இவ்விகிதத்திலேயே கணக்கிடலாம். இவ்வேகத்தை 20-ஆல் பெருக்கினால் சாக்கு பெற்ற உந்தம் கிட்டும்.

முதலில் நாற்காலியில் அமர்ந்தும், இரண்டாவதாகக் கால்களைச் சேர்த்து நின்றும், மூன்றாவதாகக் கால்களை முன்பின்னாக வைத்து இடுப்பைத் திருப்பியும் குத்தச் செய்க. ஒவ்வொரு நிலையிலும் மும்முறை குத்தி சராசரி காண்க. மாணவர் ஒருவரே, அவர் எடையும் ஒன்றே. விலக்கம் மாறுவது முறையின் பங்கைக் கண்கூடாகக் காட்டும். பின்னர் எடை வேறுபட்ட மாணவர்களை ஒரே நிலையில் குத்தச் செய்து எடையின் பங்கையும் ஒப்பிடலாம்.

இப்பரிசோதனையில் ஆசிரியர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சாக்கை மெதுவாக நெடுநேரம் தள்ளினாலும் அது வெகுதூரம் செல்லும். ஆனால் தள்ளுதல் குத்துதல் ஆகாது. இரண்டையும் வேறுபடுத்த, சாக்கின் மேல் விரற்கடை அளவு தடிப்பமுள்ள களிமண் தகடு ஒன்றை ஒட்டிவைக்க வேண்டும். தள்ளும்போது களிமண்ணில் பள்ளம் ஆழமாக விழாது. விரைந்து குத்தும்போது ஆழமாக விழும். விலக்கம் உந்தத்தைக் காட்டுகின்றது. பள்ளம் உச்ச விசையைக் காட்டுகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே கண்ட மாணவர், உந்தம் வேறு, விசை வேறு என்பதை மறவார்.

6. குத்தைப் பெறுபவர்

இதுகாறும் குத்துபவர் பக்கமே ஆராயப்பட்டது. பெறுபவர் பக்கத்தை ஆராயாமல் இப்பாடத்தை முடித்தல் தகாது.

மனிதரின் தலை 4.5 முதல் 5 கிலோகிராம் வரை நிறையுடையது. 2.9 கிலோகிராம் பயனுறு நிறை விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் அதன்மேல் மோதும்போது, கழுத்தின் தடையைக் கணக்கில் கொள்ளாவிடில், தலை ஒரு கணத்திற்குள் விநாடிக்கு 3 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தை அடைகின்றது. மண்டையோட்டினுள் நீர்மம் சூழ மிதக்கும் மூளை உடனே அவ்வேகத்தைப் பெறுவதில்லை. அது பின்தங்கி இழுபடுகின்றது. தலை நேராகப் பின்னே தள்ளப்படுவதைவிட, பக்கவாட்டில் சுழற்றப்படுவது மூளைத் திசுக்களை மிகுதியாக இழுத்துச் சிதைக்கும் என்று ஆக்ஸ்ஃபோர்டுப் பௌதிக அறிஞர் ஹோல்பர்ன் 1943-இல் விளக்கினார். தாடையின் ஓரத்தில் படும் வளைகுத்து பலரை மயக்கமுறச் செய்வதன் காரணம் இதுவே. குத்து வருவதைக் காணாதவரின் கழுத்துத் தசைகள் இறுகியிருப்பதில்லையாதலின், அவருடைய தலை இன்னும் எளிதாகச் சுழல்கின்றது.

கையுறை இதைத் தடுக்குமா? கையுறை மோதும் காலத்தை நீட்டுகின்றது. தோல் கிழிவதையும் கையெலும்பு முறிவதையும் குறைக்கின்றது. ஆயினும் உந்தத்தை அது விழுங்கிவிடுவதில்லை. கைமாறும் உந்தம் ஏறத்தாழ அவ்வளவே. கை காக்கப்படுவதால் தலையில் அஞ்சாது குத்தவும் அது இடந்தருகின்றது. தலைக்கவசமும் வெட்டுக் காயங்களைக் குறைக்குமேயன்றி மூளை அதிர்ச்சியை உறுதியாகத் தடுப்பதில்லை. ஆடவர் உயர்நிலைப் போட்டிகளில் 2013-இல் தலைக்கவசம் நீக்கப்பட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடவர் கவசமின்றியே போட்டியிட்டனர்.

பல ஆண்டுகள் தலையில் அடிபட்ட வீரர்களுக்கு நடை தள்ளாடுவதும் பேச்சுக் குழறுவதும் நினைவு மங்குவதும் உண்டு என்பதை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-இலேயே எழுதினார். பிற்கால ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. மயங்கி விழச் செய்யும் பெருங்குத்து மட்டுமன்றி, சிறு குத்துகள் பலவும் சேர்ந்து தீங்கு விளைவிக்கும்.

7. ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் கடைப்பிடிக்க வேண்டியவை

(அ) பள்ளிச் சிறுவர்க்குக் கால்வைப்பு, இடுப்புத் திருப்பம், பையில் குத்துதல், நிழற்குத்து ஆகியவற்றையே கற்பிக்க வேண்டும். ஒருவர் தலையில் மற்றொருவர் குத்தும் பயிற்சியை விலக்குதல் நன்று. முறையின் நன்மை முழுவதையும் இவற்றாலேயே பெறலாம்.

(ஆ) எடை வேறுபட்ட சிறுவர்களை எதிரெதிரே நிறுத்தலாகாது. "கெட்டிக்காரன், தாங்கிக்கொள்வான்" என்பது பௌதிக விதியன்று.

(இ) தலையில் அடிபட்ட பின் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், பார்வை இரட்டையாதல், குழப்பம், நடந்தது நினைவின்மை, அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் விளையாட்டை உடனே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நினைவு இழந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று எண்ணுதல் தவறு. அன்றைய தினமே மீண்டும் களமிறக்குதல் கூடவே கூடாது. முதல் அதிர்ச்சி ஆறுமுன் விழும் இரண்டாம் அடி, இளையோரிடம் மூளை வீக்கத்தை உண்டாக்கி உயிரையே பறித்தல் கூடும்.

(ஈ) குறைந்த எடைப் பிரிவில் சேர்வதற்காகச் சிறுவர் பட்டினி கிடப்பதையும் நீர் அருந்தாமல் இருப்பதையும் தடுக்க வேண்டும். வளரும் உடலுக்கு அது கேடு. குத்தின் விசைக்கும் அதனால் நன்மையில்லை.

தொகுப்புரை

உடல் எடை குத்தின் வலிமைக்கு மூலதனம். ஆனால் அதன் சிறு பகுதியே பயனுறு நிறையாக முஷ்டியைச் சேர்கின்றது. வேகம் ஆற்றலை வர்க்க விகிதத்தில் பெருக்குகின்றது. ஆனால் தசையின் இயல்பு அதற்கு எல்லை வகுக்கின்றது. முறையானது காலிலிருந்து முஷ்டி வரை உறுப்புகளை ஒழுங்காக இணைத்து, வேகத்தையும் பயனுறு நிறையையும் ஒருங்கே உயர்த்துகின்றது. எடைப் பிரிவுகள் தேவைப்படுவதும், டெம்ப்சி வில்லார்டை வென்றதும் இதனால் முரண்படாமல் விளங்குகின்றன. இவ்வறிவைக் கொண்டு வலிமையைப் பெருக்கக் கற்றவர், அதே அறிவைக் கொண்டு அதன் தீங்கையும் அளந்தறிதல் கடமையாகும்.

பயிற்சி வினாக்கள்

1. 2 கிலோகிராம் பயனுறு நிறை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்திலும், 4 கிலோகிராம் நிறை 5 மீட்டர் வேகத்திலும் மோதுகின்றன. எதன் உந்தம் பெரிது? எதன் ஆற்றல் பெரிது?

2. 2 மீட்டர் நீளமுள்ள ஊசலில் 20 கிலோகிராம் சாக்கு 36 சென்டிமீட்டர் விலகியது. அது பெற்ற உந்தம் யாது?

3. நாற்காலியில் அமர்ந்து குத்துபவரின் குத்து வலிமை குன்றுவதேன்?

4. கையுறை கையைக் காப்பதுபோல் மூளையைக் காவாமைக்குக் காரணம் கூறுக.

விடைகள்: (1) உந்தம் இரண்டிற்கும் 20 அலகு, ஆற்றல் முறையே 100 ஜூல், 50 ஜூல். (2) 16 அலகு. (3), (4) ஆகியவற்றுக்கு முறையே பகுதி 4, பகுதி 6 காண்க.